எடுத்துவிட்ட பூண்டு

அந்தச் சமையற்கூடத்தில் அவளுக்கு ஜட்ஜம்மா என்று பெயர். வைத்தது யார் என்று கேட்டால் ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். திறந்தால் அதற்கும் ஒரு தீர்ப்பு வந்து விழும். ரொட்டிக்காரர் காலையில் கூடையை இறக்கியதும் ஒரு ரொட்டியைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, இது நேற்றுச் சுட்டது என்பாள். அவர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் மேல்முறையீடு கிடையாது. காய்கறிக்காரர் கொண்டுவரும் வெள்ளரிக்காய் எல்லாம் முற்றல். எதிர்க்கடை டீ வெந்நீரில் காட்டிய வித்தை. கூடப்பிறந்த தம்பி வேன் ஓட்டுகிற லட்சணத்துக்கு அவனிடம் தள்ளுவண்டியைக்கூட நம்பிக் கொடுக்க முடியாது. ஐம்பத்திரண்டு வயதுக்குள் அக்கா மனதாரப் பாராட்டியது ஒன்றே ஒன்றைத்தான் என்று அந்தத் தம்பி சொல்வான். அது அவளுடைய கை.

தொழில் என்னவோ தம்பி பெயரில்தான் நடந்தது. இரண்டு தெரு தள்ளியிருந்த பள்ளிக்கூடத்துக்குத் தினமும் நூற்றுப் பத்து மதியச் சாப்பாட்டுப் பெட்டி அனுப்ப வேண்டும். ஒரு நீளமான கூடம், இரண்டு பெரிய அடுப்பு, போட்டதை எல்லாம் மாவாக்கும் ஓர் அரவை இயந்திரம், நடுவில் எஃகு மேஜை. காலை ஐந்தரைக்கு ஜட்ஜம்மா வந்து கதவைத் திறப்பாள். எட்டு மணிக்குத் தம்பி மனைவி வந்து பெட்டிகளைத் துடைத்து, அடுக்கி, மூடி, லேபிள் ஒட்டுவாள். பதினொன்றரைக்குத் தம்பி வேனில் ஏற்றிக்கொண்டு போவான். அக்காவின் நாக்கோடு பிறந்து வளர்ந்தவன் என்பதால் அவனுக்கு அந்தப் பக்கத்துக் காது பல வருஷங்களுக்கு முன்பே வேலை செய்வதை நிறுத்தியிருந்தது. தம்பி மனைவிக்கு அந்தச் சௌகரியம் இன்னும் வாய்க்கவில்லை.

திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் பெட்டிக்குள் பீன்ஸ் டிப். அந்த மூன்று நாட்களிலும் பிற்பகலில் பிள்ளைகளுக்கு நீச்சல் வகுப்பு இருந்தது. வயிறு முட்டத் தின்றுவிட்டுத் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று அந்த நாட்களில் மட்டும் இலேசான சாப்பாடு கேட்டிருந்தார்கள். வெந்த வெள்ளை பீன்ஸை எள் விழுது, எலுமிச்சைச் சாறு, எண்ணெய் விட்டு வெண்ணெயாக அரைத்து ஒரு சின்னக் கிண்ணத்தில் வைத்து, தொட்டுத் தின்ன ரொட்டித் துண்டும் நீளவாக்கில் நறுக்கிய கேரட்டும் வெள்ளரியும் வைத்து அனுப்புவாள். அரைக்கும்போது தாராளமாகப் பூண்டு. பூண்டுதான் அதற்கு உயிர் என்பது ஜட்ஜம்மாவின் பழைய தீர்ப்புகளில் ஒன்று.

அந்த உயிருக்கு உலை வைத்தது பள்ளியிலிருந்து வந்த ஒரு கடிதம். ஒரு பிள்ளைக்குப் பூண்டு ஒத்துக்கொள்ளாதாம். கொஞ்சம் உள்ளே போனாலும் குடலை முறுக்கிப் பிழிந்துவிடுமாம். டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தப் பிள்ளைக்கு மட்டும் தனிப் பெட்டி என்றால் மாறிப்போகும் அபாயம் உண்டு. ஆகவே இனி நூற்றுப் பத்துப் பெட்டியிலும் பூண்டு சேர்க்க வேண்டாம் என்று தலைமையாசிரியை கேட்டுக்கொண்டிருந்தார். கடிதத்தின் முதல் வரி, குழந்தைகளின் நலமே நம் அனைவருக்கும் முக்கியம் என்று இருந்தது. கடைசி வரியும் அதுதான். நடுவில் எழுத வேறு எதுவும் கிடைக்காத இடங்களிலும் அதுவே இருந்தது.

ஜட்ஜம்மா கடிதத்தைத் தம்பியிடம் திருப்பிக் கொடுத்தாள். ஒரு வயிற்றுக்காக நூற்றுப் பத்து நாக்கைப் பட்டினி போடுகிற பள்ளிக்கூடத்தை அவள் இப்போதுதான் பார்க்கிறாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதுதான் ஒத்துக்கொள்கிறது? பால் ஒத்துக்கொள்ளாது, வெயில் ஒத்துக்கொள்ளாது, அதட்டினால் ஒத்துக்கொள்ளாது. பெற்றவர்கள் கொஞ்சிக் கொஞ்சி வளர்த்தால் குடலும் கூடச் சேர்ந்து கொஞ்சத்தான் செய்யும். இப்படி ஒரு அரைமணி நேரம். பேசி முடித்துவிட்டு, மறுநாள் பூண்டு இல்லாமல்தான் அரைத்தாள். சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டவள் என்பதிலும் அவளுக்குப் பெருமை இருந்தது.

அந்த வாரம் அவள் வாழ்க்கையிலேயே கேவலமான வாரம். சாயங்காலம் தம்பி திரும்பக் கொண்டுவந்த பெட்டிகளில் ரொட்டி இல்லை, கேரட் இல்லை, டிப் மட்டும் வைத்தது வைத்தபடி இருந்தது. சில கிண்ணங்களில் ஒரே ஒரு விரல் தடம். ஒரு கிண்ணத்தில் எந்தப் பிள்ளையோ கேரட்டால் முகம் வரைந்து, அழுகிற வாயும் போட்டிருந்தது. சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்பு மாதிரி இருக்கிறது என்று பிள்ளைகள் பேசிக்கொண்டதாக எந்தக் குற்றமும் அறியாத தம்பி வந்து சொன்னான். அவள் ஒரு விரல் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். சுண்ணாம்புதான். முப்பது வருஷமாக அவள் கையில் வெந்த எதுவும் அப்படித் திரும்பி வந்ததில்லை. அன்றைக்கு அவள் ஒருவரையும் திட்டவில்லை என்பதிலிருந்தே அவமானம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ளலாம்.

அடுத்த திங்கட்கிழமை அவள் வழி கண்டுபிடித்துவிட்டாள். முப்பது பல் பூண்டை உரித்து, மெல்லிய வெள்ளைத் துணியில் முடிந்து, பீன்ஸோடு கொதிக்கிற தண்ணீரில் தொங்கவிட்டாள். ஒன்றரை மணி நேரம். பீன்ஸ் வெந்ததும் முடிச்சை வெளியே எடுத்து, கையால் தடவி எண்ணிப் பார்த்தாள். முப்பதும் இருந்தது. ஒன்றுகூடக் கரையவில்லை, உடையவில்லை. பிறகு அந்தத் தண்ணீரையே கொஞ்சம் கொஞ்சமாக விட்டு பீன்ஸை அரைத்தாள். கூடம் முழுக்க மணம் எழுந்தது. பூண்டு சேர்க்காதே என்றார்கள், சேர்க்கவில்லை. போட்டது முப்பது, எடுத்தது முப்பது. உள்ளே இருப்பது பூஜ்யம். கணக்குத் தெரிந்த எவளும் இதில் குற்றம் காண முடியாது என்று அவள் முழு மனதோடு நம்பினாள். யாராவது அதைப் பொய் என்று சொல்லியிருந்தால் திகைத்துப் போயிருப்பாள்.

ஆனாலும் அந்தப் பூண்டைக் கூடத்து அலமாரியில் வைக்காமல் வீட்டிலேயே உரித்துக் கைப்பையில் கொண்டுவந்தாள். ஏன் என்று தன்னைத்தானே கேட்டபோது, கைரகசியத்தை அலமாரியில் வைப்பார்களா என்று பதில் வந்தது. அதற்குமேல் அவள் தன்னைக் குறுக்கு விசாரணை செய்துகொள்ளவில்லை. மற்றவர்களிடம் காட்டுகிற கறாரை ஜட்ஜம்மா தன்னிடம் காட்டிய வழக்கம் என்றைக்குமே இல்லை.

ஒருநாள் சீக்கிரம் வந்த தம்பி மனைவி அந்த முடிச்சைப் பார்த்துவிட்டாள். பார்த்தவள் பேசாமல் இருந்திருக்கலாம்.

"அண்ணி, பள்ளிக்கூடத்துல வேணாம்னு சொன்னாங்களே. இது பரவாயில்லையா?"

"உன் கண்ணு எங்க இருக்கு? இது பானைக்கு வெளிய இருக்கா, உள்ள இருக்கா?"

"வெளியதான் இருக்கு."

"அப்புறம் என்ன? லேபிள் ஒட்டற வேலைய மட்டும் பாரு. அதையாவது கோணல் இல்லாம ஒட்டு."

தம்பி மனைவி போய் லேபிள் ஒட்டினாள். நூற்றுப் பத்துப் பெட்டியிலும் "பூண்டு சேர்க்காதது" என்று பச்சை எழுத்தில் இருந்தது. கோணல் இல்லாமல்தான் ஒட்டினாள்.

அன்று முதல் கிண்ணங்கள் துடைத்துவைத்தாற்போல் திரும்பி வந்தன. கழுவ வேண்டிய வேலைகூடக் குறைந்தது. ஆசிரியைகள் தங்களுக்கும் இரண்டு பெட்டி சேர்த்து அனுப்பச் சொன்னார்கள். பூண்டே இல்லாமல் இத்தனை மணம் எப்படி என்று வியந்து தலைமையாசிரியை கைப்பட ஒரு பாராட்டுக் கடிதம் எழுதினார். குழந்தைகளின் நலம் அதிலும் இரண்டு இடத்தில் வந்தது. அப்படியும் ஜட்ஜம்மா அதைச் சட்டம் போட்டு அடுப்புக்கு எதிர்ச் சுவரில் மாட்டினாள். வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் படிக்க வேண்டும். ரொட்டிக்காரர் தினமும் படித்தார். படித்தால் ரொட்டியை ஒரு அமுக்கோடு விட்டுவிடுகிறாள் என்று கண்டுபிடித்திருந்தார்.

பள்ளிக்கூடத்தில் ஒரு வயிறு மட்டும் பாராட்டுக் கடிதம் எழுதவில்லை.

எட்டு வயதுப் பெண். தெருமுனைத் தையல்கடைக்காரியின் மகள். கடிதத்துக்குக் காரணமான பிள்ளை அவள்தான். திங்கட்கிழமை இரண்டு மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு நர்ஸ் அறைக் கட்டிலில் சுருண்டாள். புதன்கிழமையும் சுருண்டாள். வெள்ளிக்கிழமை நீச்சல் உடையைப் போட்டுக்கொண்டு குளத்துப் படிவரை போய் அங்கேயே குந்திவிட்டாள். மூன்று வாரம் இப்படியே. செவ்வாயும் வியாழனும் துள்ளி விளையாடுகிறாள். நீச்சல் நாள் வந்தால் மட்டும் வலி. இதைக் கண்டுபிடித்தது தலைமையாசிரியை. அந்த அம்மாவுக்கு வாழ்க்கையில் கிடைத்த முதல் கண்டுபிடிப்பு போலிருக்கிறது, கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பிள்ளைக்குத் தண்ணீரைக் கண்டால் பயம், அதற்கு வயிற்றைச் சாக்குச் சொல்கிறது, அவ்வளவுதான். நீச்சல் நாளும் டிப் நாளும் ஒன்றுதானே என்று நினைத்துப் பார்க்க அந்தக் கண்டுபிடிப்பில் இடம் இருக்கவில்லை. நீச்சல் வகுப்பில் ஓர் இடத்துக்கு ஐந்து பிள்ளைகள் காத்திருந்தார்கள். இந்தப் பெண்ணின் பெயரை அடித்துவிட்டு வேறொரு பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று பேச்சு எழுந்தது.

பேச்சு காதில் விழுந்ததும் அந்தப் பெண், சாப்பாட்டில் பூண்டு வாசனை வருகிறது என்று பள்ளியில் முதன்முதலாக வாய் திறந்து சொன்னாள். தாய் பள்ளிக்கு வந்து கேட்டாள். பள்ளியிலிருந்து நர்ஸ் சமையற்கூடத்துக்கு வந்து அலமாரியைத் திறந்து பார்த்தாள், ஜாடிகளை முகர்ந்து பார்த்தாள், குப்பைத் தொட்டியைக்கூட எட்டிப் பார்த்தாள். பூண்டுத் தோல் ஒன்றுகூட இல்லை. ஜட்ஜம்மா கையைக் கட்டிக்கொண்டு அத்தனையையும் வேடிக்கை பார்த்தாள். கைப்பை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. உண்டா இல்லையா என்பதுதான் கேள்வி. பானைக்குள் இருந்து எடுத்ததைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆகவே அவளும் சொல்லவில்லை.

நர்ஸ் போனபிறகு அவள் கொதித்த கொதிப்பில் அடுப்பே தேவைப்பட்டிருக்காது. முப்பது வருஷக் கைக்கு முளைத்து மூன்று இலை விடாத ஒரு வாண்டு பழி போடுவதா? தண்ணீரில் இறங்கப் பயம் என்றால் பயம் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே. என் பாத்திரம்தான் கிடைத்ததா? அந்தப் பிள்ளை நேரில் வந்து மன்னிப்புக் கேட்டால்தான் அடுத்த வாரம் அடுப்பு எரியும் என்று தம்பி மூலம் சொல்லி அனுப்பினாள். நூற்றுப் பத்துப் பெட்டியையும் ஒரு பிள்ளையின் மன்னிப்பையும் தராசில் வைத்துப் பார்க்கத் தலைமையாசிரியைக்கு அதிக நேரம் ஆகவில்லை. வியாழக்கிழமை மூன்று மணிக்கு என்று நாள் குறித்தார்.

அந்த வாரத்தில்தான் தம்பி மனைவி சமையற்கூடத்து ஏப்ரன்களை ஊறப்போட்டாள். எல்லாம் பளிச்சென்ற வெள்ளை. அதோடு புதிதாக வாங்கிய ஒரு சிவப்புத் துடைப்புத் துணியும் தெரியாமல் தொட்டியில் விழுந்துவிட்டது. பார்த்துப் பதறி எடுத்தாள்தான். ஆனால் காயப்போடும்போது ஏப்ரன் அத்தனையும் ரோஸ். இரண்டு தடவை அலசினாள், வெயிலில் போட்டாள், ரோஸ் அசையவில்லை.

"சிவப்புத் துணிய உடனே எடுத்துட்டேனே அண்ணி" என்றாள், அழமாட்டாத குறையாக.

ஜட்ஜம்மாவுக்கு இது கிடைத்தது திருவிழா. ரொட்டிக்காரரிடம் சொன்னாள், காய்கறிக்காரரிடம் சொன்னாள், எதிர்க்கடைக்குப் போய் அந்த டீயைக் காசு கொடுத்து வாங்கிக் குடித்துக்கொண்டே சொன்னாள். எடுத்துட்டேனே அண்ணி! துணியை எடுத்தாளாம், சாயத்தை யார் எடுப்பது, இவள் அப்பனா? நாலு நாள் கூடத்தில் எது தப்பினாலும், கரண்டி கீழே விழுந்தாலும், அவள் குரலை மெல்லிசாக்கி, தலையைச் சாய்த்து, "எடுத்துட்டேனே அண்ணி" என்று நடித்துக் காட்டினாள். ரொட்டிக்காரர் ஒருநாள் சிரித்தார், மறுநாள் சிரிக்கவில்லை. தம்பி மனைவி லேபிள் ஒட்டிக்கொண்டே இருந்தாள்.

வியாழக்கிழமை வேலை முடிந்த கையோடு ஜட்ஜம்மா பள்ளிக்குக் கிளம்பினாள். ஏப்ரனைக் கழற்றவில்லை. சமையல்காரி சமையல்காரியாகத்தான் போவாள். கோர்ட்டுக்குப் போகிறவன் கோட்டைக் கழற்றிவிட்டா போவான் என்று தம்பியிடம் கேட்டாள். அது ரோஸ் நிறத்தில் இருந்தது என்னவோ அவள் குற்றமில்லை.

தலைமையாசிரியையின் அறையில் ஒரு பெரிய மேஜை, நாலு நாற்காலி, கண்ணாடி அலமாரி நிறையப் பள்ளி ஜெயித்த கோப்பைகள். சுவரில் நீச்சல் வகுப்புப் பட்டியல். அதில் ஒரு பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் கேள்விக்குறி போட்டிருந்தது. தையற்காரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது. கடையைப் பாதியில் பூட்டிவிட்டு ஓடி வந்திருப்பாள். பெண் கதவோரம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். ஜட்ஜம்மா அவளை அப்போதுதான் முதல்முறை பார்த்தாள். வாண்டு என்று நினைத்து வைத்திருந்ததற்குத் தோதாக அந்தப் பிள்ளை இல்லை. எண்ணெய் வைத்து வாரிய தலை, முழங்காலில் ஒரு சிராய்ப்பு, ஜட்ஜம்மாவின் முகத்தை நேராகப் பார்க்கிற இரண்டு கண். பயந்தாங்கொள்ளியின் கண் மாதிரித் தெரியவில்லை. அதனால் என்ன, பொய் சொல்கிறவர்களும் நேராகத்தான் பார்ப்பார்கள் என்று ஜட்ஜம்மா உடனே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டாள்.

தலைமையாசிரியை குழந்தைகளின் நலத்தில் தொடங்கி, அங்கே இங்கே சுற்றி, கடைசியில் விஷயத்துக்கு வந்தார். சமையற்கூடம் சோதிக்கப்பட்டது, பூண்டு இல்லை, ஆகவே நடந்தது தவறு. சின்னப் பிள்ளை, பயத்தில் சொல்லிவிட்டது. மன்னிப்புக் கேட்டுவிட்டால் எல்லாருக்கும் நல்லது. சொல்லிக்கொடுத்ததைச் சொல்லு என்று பெண்ணைப் பார்த்தார்.

பெண் தாயைப் பார்த்தாள். தாய் தரையைப் பார்த்தாள். பெண்ணின் உதடு அசைந்தது, ஒரு முணுமுணுப்பு வந்தது.

"காதுல விழல" என்றாள் ஜட்ஜம்மா.

"சத்தமா சொல்லும்மா. அவங்களுக்குக் கேக்க வேண்டாமா?" என்றார் தலைமையாசிரியை.

பெண் மூச்சை இழுத்துக்கொண்டாள். அதற்குள் தையற்காரி குறுக்கே வந்துவிட்டாள். மகளின் தலைகுனிவைக் கொஞ்சம் தள்ளிப்போட நினைத்தாளோ, இல்லை நிஜமாகவே கேட்க வந்தாளோ தெரியாது.

"அக்கா, நான் ஒண்ணு கேக்கலாமா? அந்த டிப்பு எப்படிப் பண்றீங்க? நானும் வீட்டுல பூண்டு இல்லாம பண்ணிப் பாத்துட்டேன், வாயில வைக்க முடியல. உங்களதுன்னா இவளுக்கு உசிரு. வாசனை வருதும்மான்னு முதல் நாளே எங்கிட்ட சொன்னா. நான்தான் லேபிளைச் சொல்லித் திட்டித் திங்கச் சொன்னேன்."

ஜட்ஜம்மாவுக்கு இதில் உசிரு என்ற சொல் மட்டும்தான் காதில் விழுந்தது. முகம் தளர்ந்தது. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். இங்கே சமையல் தெரிந்தவள் ஒருத்தியாவது வந்திருக்கிறாளே. எழுதிக்கொள் என்றாள். தையற்காரி பையிலிருந்து அளவு எழுதும் நோட்டை எடுத்து, தலைமையாசிரியையிடம் பேனாவை வாங்கிக்கொண்டாள். இதற்கு நேரமில்லை என்று தலைமையாசிரியை சொல்லப் பார்த்தார். ஜட்ஜம்மா பார்த்த பார்வையில் அடங்கினார்.

முதல்நாள் ராத்திரியே பீன்ஸை ஊறவைக்க வேண்டும். ஊறின தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் விட வேண்டும். தையற்காரி ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிச் சொல்லி எழுதினாள். எத்தனை மணி நேரம், எவ்வளவு தண்ணீர், அடுப்பு எப்படி எரிய வேண்டும். அரை அங்குலம் தப்பினால் துணி பாழாகிவிடும் என்று பழகிய கை அது. ஜட்ஜம்மாவுக்கு அந்தக் கறார் பிடித்திருந்தது.

"வேகறப்ப உப்பு போடணுமா அக்கா?"

"உப்பு கடைசியில. முன்னாடி போட்டா தோல் இறுகிக்கும்."

"அப்ப வெறும் தண்ணியிலதான் வேகணும்."

ஜட்ஜம்மா வாயைத் திறந்தாள், மூடினாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். இந்தப் பெண் அதை எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போவாள், வேகவைப்பாள், அரைப்பாள், சுண்ணாம்பு வரும். நம் கைக்கு வரவில்லை என்று விட்டுவிடுவாள். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. ஆனால் அந்த நோட்டில் ஜட்ஜம்மா சொன்னது என்று ஒரு சுண்ணாம்புச் செய்முறை இருக்கும். தன் பெயரில் ஒரு ருசியில்லாத பண்டம் ஒரு வீட்டு அடுப்பில் ஏறுவதா? அதை அவளால் தாங்க முடியாது. நேர்மை, மனசாட்சி என்று நாம் ஒன்றும் பெரிதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். அவளை வாய் திறக்க வைத்தது வெறும் கர்வம்தான்.

"வெறும் தண்ணியில வெந்தா என்ன ருசி வரும்? பூண்டு முப்பது பல்லு. மெல்லிசு துணியில முடிஞ்சு உள்ள தொங்க விடணும்."

பேனா நின்றது. தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றினார்.

"வெந்ததும் எடுத்துடணும்" என்றாள் ஜட்ஜம்மா அவசரமாக. "முழுசா எடுத்துடுவேன். எண்ணிப் பாத்துடுவேன். ஒரு பல்லு உள்ள தங்காது."

தையற்காரி நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கோபப்பட்டதாகவும் தெரியவில்லை. அடுத்த அளவைக் கேட்கிற மாதிரியே கேட்டாள்.

"அது வெந்த தண்ணிய என்ன பண்ணுவீங்க?"

"எந்தத் தண்ணிய?"

"முடிச்சு கெடந்த தண்ணிய. கொட்டிடுவீங்களா?"

"கொட்டறதா? அத ஊத்தித்தான அரைக்கறது. அதுலதான..."

ருசியே என்று சொல்ல வந்த வாய் பாதியில் நின்றது. அந்தத் தண்ணீரை அவள் ஒருநாளும் கொட்டியதில்லை. அது வெறும் தண்ணீராக இருந்தால் எதற்காகக் கொட்டாமல் வைத்திருந்தாள்?

"பூண்டை எடுத்துட்டேனே" என்றாள்.

சொன்ன குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது. மெல்லிசாக, தலையைச் சாய்த்துக்கொண்டு, அழமாட்டாத குறையாக. நாலு நாளாகக் கூடத்தில் அவளே நடித்துக் காட்டிய குரல் அது. குனிந்து பார்த்தாள். மடியில் ரோஸ் நிற ஏப்ரன் கிடந்தது.

மேலே மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. மூன்று வாரம், வாரத்துக்கு மூன்று நாள் என்று ஜட்ஜம்மாவின் மனது தானாகக் கணக்குப் போட்டது. ஒன்பது தடவை அந்தப் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டிருக்கிறது. கை தானாக ஏப்ரனைச் சுருட்டி மடிக்குள் மறைத்தது. வெட்கம் என்றால் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. இவ்வளவு வருஷம் அதை அவள் மற்றவர்களுக்குத்தான் பரிமாறியிருக்கிறாள்.

பெரியவர்கள் பேசிய சமையலில் பாதி கதவோரம் நின்ற பெண்ணுக்குப் புரியவில்லை. அறை ஏன் இப்படி அமைதியாகிவிட்டது என்றும் தெரியவில்லை. எல்லாரும் தனக்காகத்தான் காத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். தான் சொல்ல வேண்டியது பாக்கி இருக்கிறதே. ஒரு அடி முன்னால் வந்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, வராந்தா வரை கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"சாப்பாட்டுல பூண்டு இருக்குன்னு பொய் சொன்னதுக்கு மன்னிச்சிடுங்க ஆன்ட்டி. இனிமே சொல்ல மாட்டேன். என்னை நீச்சல்ல இருந்து எடுத்துடாதீங்க." பிறகு ஜட்ஜம்மாவின் முகத்தையே பார்த்து, "இப்பக் கேட்டுச்சா?" என்றாள்.

தையற்காரி நோட்டை மூடிவிட்டு எழுந்து போய் மகளைத் தன்னோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். தலைமையாசிரியைக்கு ஒருவழியாகப் பேச்சு வந்தது. ஏதோ ஒரு சின்ன மனத்தாங்கல் என்றும், யார் மீதும் குறை இல்லை என்றும், நம் எல்லாருக்கும் குழந்தைகளின் நலமே என்றும் தொடங்கினார்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் ஜட்ஜம்மா. "அந்தக் கேள்விக்குறிய மொதல்ல அழிங்க."

தலைமையாசிரியை எழுந்தார். மேஜை இழுப்பறையில் ரப்பரைத் தேடி எடுத்து, சுவருக்குப் போய் அழித்தார். ஜட்ஜம்மா அது முழுக்க அழிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து பெண்ணின் முன்னால் போய் நின்றாள். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஏப்ரன் நுனியைப் பிடித்துக்கொண்டாள். அவள் சொல்ல வேண்டியது ஒரே சொல். அந்தச் சொல்லை ரொட்டிக்காரர் வாயில், தம்பி வாயில், தம்பி மனைவி வாயில் எத்தனையோ தடவை வரவழைத்திருக்கிறாள். தன் வாயில் அது ஒருமுறைகூடப் பழகியதில்லை. உதடு அசைந்தது. ஒரு முணுமுணுப்பு வந்தது.

பெண் அம்மாவின் இடுப்பிலிருந்து தலையை நீட்டினாள். அவள் குரலில் குறும்பு எதுவும் இல்லை, உள்ளதைத்தான் சொன்னாள்.

"காதுல விழல ஆன்ட்டி."

ஜட்ஜம்மா இன்னொரு தடவை, சத்தமாகச் சொன்னாள்.